சாட்டிலைட் இமேஜை லாட்-லாங் கிரிட்டுக்கு மாத்துறது எப்படி

ரெண்டு மூணு சாட்டிலைட் டேட்டாவை ஒரே லாட்-லாங் (அட்சரேகை-தீர்க்கரேகை) கட்டத்துல சேர்த்து வச்சு கணக்கு போடணும்னா ஒண்ணோட பிக்சல் மேல இன்னொண்ணோட பிக்சல் அச்சு பிசகாம உக்காரணும், ஆனா ஃபைல் எதுவும் அப்படி வர்றதில்ல. லேண்ட்சாட், சென்டினல்-2 சாட்டிலைட் படங்கள் யூடிஎம்ங்கிற ப்ரொஜெக்ஷன்ல (உருண்டை பூமியை தட்டையா விரிக்கிற முறை) வரும், மோடிஸ் கருவியோட லேண்ட் ப்ராடக்ட் சைனுசாய்டல்ங்கிற வேற ப்ரொஜெக்ஷன்ல வரும், அதுல 500 மீட்டர்னு சொல்ற பிக்சல் நெஜத்துல சுமார் 463 மீட்டர்தான். ஸ்வாத் டேட்டான்னா (சாட்டிலைட் போற பாதையில ஸ்கேன் பண்ண பட்டை அப்படியே) கிரிட்டே கிடையாது, ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியா லாட்-லாங் இருக்கும், அவ்ளோதான்.

நிறைய பேர் ஃபைலை ஓபன் பண்ணதும் நேரா ரீப்ரொஜெக்ட் (ப்ரொஜெக்ஷனை மாத்துற) பட்டனை அமுக்கிடுறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, சாஃப்ட்வேர் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பிக்சல் சைஸையும் ஒரு ஆரம்ப மூலையையும் தானா கணக்கு போட்டு வச்சுக்கும், பத்து ஃபைல் மாத்துனா பத்தும் பத்து கிரிட்ல இருக்கும். முதல்ல கிரிட்டை நீங்க எழுதி வச்சுக்கணும்: எந்த ப்ரொஜெக்ஷன், நாலு பக்க எல்லை என்ன, பிக்சல் சைஸ் என்ன. உலகம் முழுக்க 0.05 டிகிரின்னா ப்ரொஜெக்ஷன் இபிஎஸ்ஜி 4326 (சாதாரண லாட்-லாங்குக்கான கோடு), எல்லை -180, -90, 180, 90, வர வேண்டியது 7200 காலம், 3600 ரோ. அந்த எண்ணிக்கை வரலைன்னா அங்கேயே நிறுத்தி என்னன்னு பாத்துடுங்க.

இங்க ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, இதுலதான் அதிகம் பேர் மாட்டுறாங்க. -180ங்கிறது முதல் பிக்சலோட ஓரம், அதோட நடு -179.975. நெட்சிடிஎஃப் (.nc) ஃபைல்ல பெரும்பாலும் நடுப்புள்ளியைத்தான் எழுதியிருப்பாங்க, ஜியோடிஃப் (.tif) ஃபைல்ல பெரும்பாலும் ஓரம். இதை மாத்தி எடுத்துக்கிட்டா மொத்த இமேஜும் அரை பிக்சல் நகந்துடும், 0.05 டிகிரில அது பூமத்திய ரேகைகிட்ட 2.8 கிலோமீட்டர், படத்தைப் பாத்தா கண்ணுக்கே தெரியாது. லேண்ட்சாட்டையும் சென்டினல்-2ஐயும் ஒரே யூடிஎம் ஸோன்ல வச்சாலும் பிக்சல் பொருந்தாததுக்கு காரணம் இதே மாதிரிதான், லேண்ட்சாட்ல 30 மீட்டர் பிக்சலோட நடு 30ஓட மடங்குல விழும், அதனால ஓரம் 15 மீட்டர் தள்ளி நிக்கும்.

இப்போ மாத்துற வேலை. ஜிடால்வார்ப் (gdalwarp) கமாண்ட் போதும், கியூஜிஐஎஸ் (QGIS) மேப் சாஃப்ட்வேர்ல இருக்கிற வார்ப்பும் உள்ளுக்குள்ள அதையேதான் ஓட்டுது. டி-எஸ்ஆர்எஸ்ல (-t_srs) ப்ரொஜெக்ஷன், டிஇ-ல (-te) எல்லை, டிஆர்-ல (-tr) பிக்சல் சைஸ், ஆர்-ல (-r) மெத்தட், அதாவது புது பிக்சலுக்கு மதிப்பு எடுக்கிற முறை, இந்த நாலையும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரே மாதிரி குடுங்க. சின்ன ஏரியாவை வெட்டி எடுக்கிறீங்கன்னா டேப் (-tap) ஆப்ஷனையும் சேருங்க, அது எல்லையை பிக்சல் சைஸோட மடங்குல கொண்டுபோய் வச்சிடும்.

மெத்தட் ஒண்ணும் குடுக்கலைன்னா நியரஸ்ட் நெய்பர்தான் ஓடும், அதாவது பக்கத்துல இருக்கிற ஒரே ஒரு பிக்சலோட மதிப்பை அப்படியே எடுக்கும். நிலவகை மேப், மேகம் மாஸ்க், சென்டினல்-2 எஸ்சிஎல் (ஒவ்வொரு பிக்சலும் என்ன வகைன்னு சொல்ற பேண்ட்) மாதிரி க்ளாஸ் டேட்டாவுக்கு அது சரி, ஏன்னா க்ளாஸ் 4க்கும் 8க்கும் நடுவுல சராசரி எடுத்து 6னு வந்தா அந்த 6க்கு அர்த்தமே வேற. பெரிய பிக்சலுக்கு சுருக்குறப்ப க்ளாஸுக்கு மோட் (அதிக தடவை வர்ற மதிப்பு) எடுங்க. ஆனா ஒரே நம்பருக்குள்ள பல தகவலை பிட் பிட்டா அடைச்சு வச்ச குவாலிட்டி பேண்டை முதல்லயே பிரிச்சு தனி மாஸ்க்கா ஆக்கிட்டு அப்புறம் மாத்துங்க. ரிஃப்ளெக்டன்ஸ் (ஒளியை எவ்ளோ திருப்பி அனுப்புதுங்கிற அளவு), வெப்பநிலை மாதிரி தொடர்ச்சியான மதிப்புக்கு, பிக்சல் சைஸ் ஏறக்குறைய அதேதான்னா பைலீனியர் (சுத்தி இருக்கிற நாலு பிக்சலை தூரத்துக்கு தக்க கலக்கிறது), 30 மீட்டர்ல இருந்து 5 கிலோமீட்டருக்கு போறீங்கன்னா ஆவரேஜ். அந்த இடத்துல நியரஸ்ட் போட்டா ஒரு பெரிய பிக்சலுக்குள்ள இருக்கிற ஆயிரக்கணக்கான சின்ன பிக்சல்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை எல்லாம் தூக்கிப் போட்டுடும். க்யூபிக்ங்கிற மெத்தட் படத்துக்கு அழகா இருக்கும், ஆனா கூர்மையான ஓரத்துல இல்லாத மதிப்பை உண்டாக்கும், நெகட்டிவ் ரிஃப்ளெக்டன்ஸ்கூட வரும், அளவீட்டுக்கு நான் அதை தொடமாட்டேன்.

அப்படியே நேரா சராசரி எடுக்கக் கூடாத டேட்டாவும் இருக்கு. காத்து திசை 359ஐயும் 1ஐயும் சராசரி பண்ணா 180 வரும், நேர் எதிர் திசை, அதனால சைன் கொசைன்னு பிரிச்சு மாத்திட்டு திரும்ப சேர்க்கணும். ரேடார் பேக்ஸ்கேட்டர் (தரையில பட்டு திரும்பி வர்ற சிக்னல்) டெசிபல்ல இருந்தா லீனியர் பவருக்கு கொண்டுவந்துட்டுதான் ஆவரேஜ்.

நோடேட்டா மதிப்பை, அதாவது டேட்டா இல்லாத பிக்சலுக்கு போடுற நம்பரை, கண்டிப்பா சொல்லணும். அது -9999னு ஃபைல்ல எழுதாம விட்டிருந்தா பைலீனியர் அதையும் ஒரு நிஜ மதிப்பா எடுத்து கலந்துடும், மேகத்தோட ஓரம் பூரா -3000, -5000னு கண்டபடி நம்பர் வரும்.

ஸ்வாத் டேட்டாவுக்கு பைரீசாம்பிள் (pyresample) பைத்தான் லைப்ரரி நல்லா இருக்கு. மோடிஸ் 1 கிலோமீட்டர் பிக்சல் ஸ்கேனோட ஓரத்துல சுமார் 2க்கு 4.8 கிலோமீட்டரா விரிஞ்சுடும், அடுத்தடுத்த ஸ்கேன் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், இதைத்தான் போ-டை (bow-tie)னு சொல்றாங்க. அதனால ஒவ்வொரு புது பிக்சலுக்கும் பக்கத்து டேட்டாவை தேடுற ஆரத்தை ரொம்ப சின்னதா வச்சா ஓரத்துல ஓட்டை விழும், ரொம்ப பெருசா வச்சா ஸ்வாத் முடிஞ்ச இடத்துக்கு அப்பாலயும் டேட்டாவை இழுத்து பூசிடும், 3000 மீட்டர்ல ஆரம்பிச்சு பாக்கலாம்.

இன்னொண்ணு, ஒரே ஒரு தடவைதான் மாத்தணும். யூடிஎம்ல மொசைக் (பல படத்தை ஒட்டி ஒண்ணாக்குறது), அப்புறம் லாட்-லாங், அப்புறம் பிக்சல் சைஸ்னு மூணு தடவை பைலீனியர் ஓட்டுனா ஒவ்வொரு தடவையும் விவரம் கொஞ்சம் மழுங்கும், மூலத்துல இருந்து நேரா கடைசி கிரிட்டுக்கு போங்க.

முடிஞ்சதும் கடற்கரை கோட்டை மேல போட்டு பாருங்க, மினிமம் மாக்ஸிமம் மூலத்தோட வரம்புக்குள்ள இருக்கான்னு பாருங்க, க்ளாஸ் டேட்டால புது நம்பர் எதுவும் முளைச்சிருக்கக்கூடாது. பரப்பளவு கணக்கு இருந்தா பிக்சலை எண்ணி பெருக்காதீங்க, 0.05 டிகிரி பிக்சலோட கிழக்கு-மேற்கு அகலம் பூமத்திய ரேகைல 5.6 கிலோமீட்டர், 60 டிகிரில 2.8தான், ஒவ்வொரு ரோவுக்கும் அட்சரேகையோட கொசைனால பெருக்கித்தான் கூட்டணும்.