திருவிழாக் கூட்டத்தில் முதலுதவித் தொண்டராக நிற்பது எப்படி?

முதலில் பயிற்சி. இந்திய செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன, மாவட்டக் கிளையில் கேளுங்கள். யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒன்று: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்துவது என்றால் என்ன என்று பயிற்சிப் பொம்மை மேல் கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது நிமிடத்திலேயே தோள் கழன்றுவிடும்.

சான்றிதழ் வந்ததும் தனியாகக் கிளம்பாதீர்கள். குழுவாகச் சேர்ந்து, கோயில் நிர்வாகத்திடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழுவில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

அப்புறம், முந்தின நாளே இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக வரும், அந்தத் தெருவில் தேர் நின்றுவிட்டால் வேறு வழி எது, 108-க்கு என்ன அடையாளம் சொல்வது? "கோயில் பக்கத்துல" என்றால் கோயிலுக்கு நாலு பக்கம் இருக்கிறது. எந்தக் கோபுரம், எந்தக் கடை எதிரில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் கையுறை, காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், முக்கோணத் துணி, கத்தரிக்கோல், டார்ச், ஓஆர்எஸ் பொட்டலங்கள், குடிதண்ணீர். "தலைவலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று நிறையப் பேர் வருவார்கள், கொடுக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் அதிகம் பார்க்கப்போவது மயக்கம். ஒருவர் விழுந்ததும் இருபது பேர் சூழ்ந்துகொள்வார்கள், ஒருவர் வாயில் சோடா ஊற்றப் பார்ப்பார். கூட்டத்தை விலக்குங்கள். கூப்பிட்டால் பதில் வருகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், நீங்கள் நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள். மூச்சு சீராக இருந்தால் நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், முழுதாகத் தெளிந்த பிறகே ஓஆர்எஸ். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சும் குழறினால் அது வெப்பத் தாக்கு: உடனே 108, வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.

வலிப்பு வந்தால் எங்கிருந்தோ ஒரு சாவிக்கொத்து வந்துவிடும். அதைக் கொண்டுவரும் பெரியவரிடம் வாதம் செய்து பயனில்லை. "ஐயா, நீங்க கொஞ்சம் மணி பார்த்துச் சொல்லுங்க" என்று வேலை கொடுத்துவிடுங்கள், உண்மையிலேயே தேவையான வேலைதான், ஏனென்றால் 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும். கை காலை அழுத்திப் பிடிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், தலை தரையில் மோதாதபடி துணி வையுங்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

தீமிதி இருந்தால் வாளி வாளியாகச் சுத்தமான தண்ணீர் வேண்டும், தீக்காயத்தை 20 நிமிடம் குளிர்விக்க. பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

போலீஸ் கேஸ் என்று இழுப்பார்களோ என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. திருவிழாவுக்கு வரும் வழியில் நடக்கும் பைக் விபத்துகளுக்கு இது பொருந்தும்.

கிளம்பும் முன் பையில் தீர்ந்தவற்றைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் யாரை எங்கே அனுப்பினோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.