மோகா பாட்: ஃபில்டர் பழகிய கை செய்யும் தவறுகள்

மோகா பாட் என்பது, கீழே ஊற்றிய தண்ணீர் அடுப்புச் சூட்டில் நடுக்கூடையிலுள்ள தூள் வழியாக மேலேறிக் காபியாகும் பாத்திரம். அதில் சிக்கரி கலந்த தூளைப் போடுவதுதான் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடக்கும் முதல் தவறு. கடையில் வெறுமனே "காபித்தூள்" என்று கேட்டால் பெரும்பாலும் சிக்கரி சேர்த்துத்தான் கட்டித் தருவார்கள். ஃபில்டருக்கு அது நல்லது. தண்ணீரை மெதுவாக இறங்கவிட்டு டிகாக்‌ஷனைக் கெட்டியாக்கும். மோகா பாட்டுக்குள்ளோ தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். ஈரம் பட்ட சிக்கரி கேழ்வரகுக் களி மாதிரி இறுகி வழியை அடைத்துவிடும். காபி சொட்டுச் சொட்டாக, கருகிய வாசனையோடு வரும். அரைக்கும் கடையில் "சிக்கரி வேண்டாம், பீபெரி மட்டும்" என்று சொல்லி வாங்குங்கள் (பீபெரி என்பது ஒற்றை உருண்டை மணியாக விளையும் காபிக்கொட்டை). பக்கத்து ஏற்காட்டு மலையிலேயே அராபிகா வகைக் காபி விளைகிறது. அரவை மாவாக இருக்கக் கூடாது, விரலில் தேய்த்தால் நெருநெருக்க வேண்டும்.

அடுத்தது அழுத்துவது. ஃபில்டரில் தூளைப் போட்டதும் குடைத்தட்டை வைத்து ஓர் அமுக்கு அமுக்கிப் பழகிவிட்டோம். இதில் அது ஆகாது. கூடை நிறையத் தூளைக் கொட்டி, விரலால் மட்டம் தட்டினால் போதும். அழுத்தி அடைப்பது எஸ்பிரெசோ மெஷினுக்குரிய வேலை; அதில் சுமார் 9 பார் அழுத்தம் இருக்கும், மோகா பாட்டுக்குள் 1 முதல் 2 பார்தான். அதனால் மெஷின் காபி போல மேலே பொன்னிற நுரை கட்டவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். 1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்சோ பியாலெட்டி கொண்டுவந்த இந்தப் பாத்திரம் வீட்டு அடுப்புக்கானது, அவ்வளவுதான்.

ஒருவருக்குத்தானே என்று கூடையைப் பாதி மட்டும் நிரப்புவதும் சரிப்படாது. மூன்று கப் பாட் என்றால் அதன் கூடை நிறைய வேண்டும். அந்தக் கப் சுமார் 50 மில்லி அளவு. பால் சேர்த்தால் இரண்டு டம்ளர் தேறும். ஒற்றை ஆளுக்கு ஒரு கப் பாட்டே வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இந்த இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தொல்லை இருப்பதால்தான் 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கொதித்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். உப்புத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீர் காபியின் ருசியை மழுக்குவதோடு, பாட்டின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் படியும். பக்கவாட்டில் உள்ள சிறிய பித்தளை வால்வில் அந்தப் படிவு ஏறினால் ஆபத்து. மேலே வழி அடைத்துக்கொண்டால் நீராவி வெளியேற அது ஒன்றுதான் வாசல். ஆகவே குடிக்கிற தண்ணீரையே, வால்வுக்குக் கீழ் வரை மட்டும் ஊற்றுங்கள். படிவு தெரிந்தால், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைத் தூள் போடாமல் ஒருமுறை ஓட்டிவிட்டு நன்றாகக் கழுவலாம். கீழே பாலை ஊற்றிக் காய்ச்சிப் பார்க்கிறவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். பால் பொங்கி அடிப்பிடித்து அதே வால்வைத்தான் அடைக்கும்.

கேஸ் அடுப்பில் சின்ன பர்னரில், சிறு தீயில் வையுங்கள். தீ பாட்டின் அடியைத் தாண்டி வெளியே நக்கினால் கைப்பிடி உருகும். கீழ்ப்பகுதியில் சூடான தண்ணீரையே ஊற்றித் தொடங்கினால் தூள் வெறுமனே வேகாது; திருகும்போது துணியால் பிடித்துக்கொள்ள வேண்டும். மூடியைத் திறந்து பாருங்கள். முதலில் அடர் பழுப்பாகக் கெட்டியாக வரும், பிறகு தேன் நிறத்துக்கு வெளுக்கும். அப்போதே இறக்கிவிட வேண்டும். சளசளவென்று சத்தம் வரும்வரை விட்டால் கசப்பைத்தான் இறக்குவீர்கள்.

அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி இரண்டாம் டிகாக்‌ஷன் எடுக்கும் சிக்கனமும் இதில் செல்லாது. சக்கையைத் தட்டிச் செடிக்குப் போட்டுவிடுங்கள்.

அலுமினியப் பாட்டை இரும்பு நாரால் தேய்க்காதீர்கள், ஈரத்தோடு திருகி மூடியும் வைக்காதீர்கள். உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெறும் அலுமினியம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. உள்ளே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் நாளாக நாளாக விறைத்து ஓரத்தில் நீராவி கசியும். அதற்காகக் குக்கர் கேஸ்கெட்டை வெட்டிப் பொருத்தப் பார்க்க வேண்டாம். பாட் வாங்கும்போதே அதே அளவில் இன்னொன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.