தலைவர்களும் அறிஞர்களும் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேகரிப்பது எப்படி?

புகழ்பெற்றவர்கள் எல்லோருடைய கடிதங்களையும் சேர்க்க முனைவதைவிட, ஒரே ஒரு மனிதரையோ ஒரு காலத்து அறிவியலாளர்களையோ தேர்ந்துகொண்டு தொடங்குவது நல்லது. ஒருவரின் கையெழுத்தை நீண்ட நாள் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அவர் எழுத்துகளை எங்கே இணைப்பார், வரியின் கடைசியில் சொல்லை எப்படி நெருக்குவார், முதுமையில் அவர் கை எவ்வாறு தளர்ந்தது என்பதெல்லாம் பிடிபடும். பெரிய நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் அசல் கடிதங்களின் படங்களை இணையத்தில் வைத்திருப்பதால், எதையும் வாங்குவதற்கு முன்பே இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.

ஏலப் பட்டியலில் விவரிப்பை நிதானமாகப் படிக்க வேண்டும். முழுவதும் அவரே எழுதி ஒப்பமிட்ட கடிதம் வேறு. செயலர் எழுத, அவர் ஒப்பம் மட்டும் இட்டது வேறு. அந்த ஒப்பமும் அவருடையதாக இல்லாமல் போகலாம். அமெரிக்க அதிபர் கென்னடியின் பெயரில் செயலர்களும் கையொப்ப இயந்திரமும் இட்ட ஒப்பங்கள் ஏராளம். விலையைத் தீர்மானிப்பதில் பெயருக்கு இணையாக உள்ளடக்கத்துக்கும் பங்குண்டு. கடவுள் நம்பிக்கை குறித்து ஐன்ஸ்டைன் 1954இல் எழுதிய கடிதம் 2018இல் சுமார் 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அவரே எழுதிய சாதாரண நன்றிக் கடிதம் அதில் சிறு பங்கைக்கூட எட்டாது. எனவே, கடிதத்தை வரிவரியாகப் படித்து, அதில் அந்த மனிதரின் சிந்தனை இருக்கிறதா என்று பார்த்த பிறகே விலையைப் பேச வேண்டும்.

போலிகளிடம் ஏமாறுவதற்கு அறியாமையைவிட ஆசையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை மிஷேல் ஷால், வ்ரேன்-லூக்கா என்பவரிடம் ஆயிரக்கணக்கான போலிக் கடிதங்களை வாங்கினார். அவற்றில் பண்டைய எகிப்து அரசி கிளியோபாட்ரா பிரெஞ்சு மொழியில் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதமும் இருந்தது.

தாளும் மையும் பல பொய்களைக் காட்டிக்கொடுக்கும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தயாரிக்கும்போதே அதில் பதிந்த நீர்க்குறி தெரியும். அதில் ஆண்டு இருந்து, அது கடிதத் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று நீலமாக ஒளிரும் தாளில் வெண்மையூட்டி கலந்திருக்கும். அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவலான பொருள். 1983இல் வெளியான ஹிட்லரின் போலி நாட்குறிப்புகள் இந்தச் சோதனையில்தான் சிக்கின. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய மை காலப்போக்கில் பழுப்பேறி, சில இடங்களில் தாளையே அரித்திருக்கும். உருப்பெருக்கியில் கோட்டின் ஓட்டத்தையும் பாருங்கள்: இயல்பாக எழுதுபவரின் கோட்டில் வேகம் இருக்கும், பார்த்து வரைபவரின் கோடு தயங்கி நின்று, நடுங்கும்.

கடிதம் யாருக்கு எழுதப்பட்டது, யார் யார் கைக்கு மாறி வந்தது என்ற விவரத்தைச் சான்றுகளோடு கேளுங்கள். நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் தெரிந்தால், அது திருட்டுப் பொருளாக இருக்கக்கூடும் என்பதால் விலகிவிடுங்கள். போலி என்று எப்போது தெரிந்தாலும் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்காதவரிடம் வாங்கவே வேண்டாம்.

வாங்கிய கடிதத்தை அமிலமற்ற உறையில், வெயிலும் ஈரமும் அண்டாத இடத்தில் வையுங்கள். ஒட்டுநாடாவும் லேமினேஷனும் கூடவே கூடாது. கிழிசலைச் சீர்செய்வது பயிற்சி பெற்ற ஆவணப் பாதுகாப்பு வல்லுநரின் வேலை. கடிதம் உங்களுடையதானாலும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை அதன் வாசகத்தை வெளியிடும் உரிமை பொதுவாக எழுதியவரின் வாரிசுகளிடமே இருக்கும் என்பதால், அச்சிட விரும்பினால் அவர்களிடம் அனுமதி பெற வேண்டும்.