ஹைபிரிட் செடானில் டீசல் பழக்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர் ஒருவர் ஜெர்மன் டீசல் செடானைக் கொடுத்துவிட்டு லெக்ஸஸ் இஎஸ் 300எச் வாங்கினார்; பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் அது. வண்டி மாறியது, டிரைவரின் கை மாறவில்லை. சிக்னலில் நின்றதும் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிடுவார். டீசலில் அதனால் ஒன்றும் குடிமுழுகாது. ஹைபிரிட்டில் அப்படியில்லை: நியூட்ரலில் இருக்கும்வரை எஞ்சின் ஓடினாலும், மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரிக்கு சார்ஜ் ஏறாது. ஏசியோ அந்த பேட்டரியில்தான் ஓடுகிறது. மே மாத வெயிலில், அரை மணி நேர நெரிசலில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டி (டிரைவ்) நிலையிலேயே வைத்து பிரேக்கை மிதித்திருந்தால் போதும். எஞ்சின் தேவைக்கு ஏற்ப தானே ஓடும், தானே அணையும்.

அடுத்தது வலது கால். பென்ஸ் இ220டி போன்ற டீசலில் 400 என்எம்முக்குக் குறையாத டார்க் (சுழற்றும் விசை), எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைத்துவிடும். ஒரு மிதி, வண்டி பாயும். இஎஸ்ஸில் 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 218 குதிரைத்திறன் தருகின்றன, ஆனால் படிப்படியாக மாறும் கியர் கிடையாது. முழுசாக மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் ஓலமிடும், வேகம் பின்னால் நிதானமாக வரும். பாதி மிதித்துப் பழகினால் அந்தச் சத்தத்தையே கேட்க மாட்டீர்கள். பிரேக்கும் அப்படித்தான். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரியும்போதே காலை எடுத்து மெதுவாக அழுத்தினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். கடைசி நொடியில் ஓங்கி மிதித்தால் அந்தச் சக்தியில் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்கில் சூடாகிப் போய்விடும்.

மைலேஜ் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். ஏஆர்ஏஐ என்ற வாகன ஆய்வு அமைப்பின் சோதனையில் லிட்டருக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் என்பதைப் பார்த்து, நெடுஞ்சாலையில் 120-ல் பறந்துவிட்டு 'எங்கே அந்த 22?' என்கிறார்கள். நின்று நின்று போகும் ஊருக்குள்தான் ஹைபிரிட்டுக்கு ஆதாயம். வாரம் இரண்டு தடவை சென்னை–பெங்களூரு போகிறவருக்கு நான் டீசலைத்தான் சொல்வேன். ஆனால் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பிஎஸ்6 (இந்தியாவின் வாகனப் புகை விதி) டீசல் வாங்குவது வேண்டாத வேலை. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும், அந்த ஓட்டத்தில் அது வராது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்த பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு வடிகட்டி இருப்பதே தெரியவரும்.

பின்சீட்டுக்குக் கீழேதான் பெரிய பேட்டரி. அதைக் குளிர்விக்கும் காற்று, சீட்டை ஒட்டிய துவாரங்கள் வழியாகப் போகிறது. அங்கே பையையோ சால்வையையோ அடைக்காதீர்கள். சர்வீஸின்போது அதன் ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், 'எங்கே சார்ஜ் போடுவீங்க?' என்று எல்லோரும் கேட்பார்கள். இதற்கு பிளக்கே கிடையாது; வண்டி ஆனில் இருக்கும்போதுதான் சார்ஜ் ஏறும். அதனால் ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டியை நிறுத்திவைத்தால், சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடலாம். அப்போது ரிமோட்டும் வேலை செய்யாது. அதற்குள் செருகியிருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவித்தான் கதவைத் திறக்க வேண்டும்.