அச்சடித்த சாகசத்தை நம் மேஜையில் நடத்துவது எப்படி

கேம் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவராக, உட்கார ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கதையை நானே எழுதணுமா அண்ணா?" என்றுதான். வேண்டாம். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்தது. அதற்குப் பிறகு, பிறர் எடுத்து நடத்தட்டும் என்றே எழுதி அச்சிட்ட சாகசங்கள் குவிந்து கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுங்கள். ஆனால் அதை மேஜையில் விரித்துவைத்துப் பாடம் நடத்துவதுபோல வாசித்தால், கொஞ்ச நேரத்தில் எல்லோர் கையிலும் மொபைல் இருக்கும்.

சிறியதாக எடுங்கள். 250 பக்கக் கெட்டி அட்டைப் புத்தகம் பார்க்க அழகுதான், ஞாயிறு மட்டும் கூடுகிற கூட்டத்தால் அதை முடிக்க முடியாது. புதியவர்களுக்கு நான் சொல்வது, 2014-இல் ஐந்தாம் பதிப்பின் தொடக்கப் பெட்டியோடு வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்'. 64 பக்கம், முதல் லெவலில் தொடங்கி ஐந்தாம் லெவல் வரை போகும். உதாரணமெல்லாம் அதிலிருந்துதான். அதை விளையாடப் போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, வாசிப்பு. கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். தொடக்கத்தில் கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் சாலையில் பதுங்கியிருந்து தாக்கும். யார் அனுப்பினார்கள், எதற்கு என்ற விவரம் உள்ளே போகப் போகத்தான் வரும். நம் ஆட்களோ ஒரு கோப்ளினையாவது உயிரோடு பிடித்துக் கட்டிவைத்து, "இன்னாடா, யார் அனுப்சா உன்ன?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். அந்த நேரத்தில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தால் சூடு ஆறிவிடும்.

படித்து முடித்ததும் ஒரே தாளில் முக்கியமான ஆட்களை எழுதுங்கள். பெயர், அவருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் அடுத்து என்ன செய்வார். உதாரணமாக, வில்லன் பிளாக் ஸ்பைடர்: பழைய சுரங்கத்தில் உள்ள மந்திர உலை வேண்டும், அதற்காக வழி தெரிந்த குள்ளரைக் கடத்த ஆள் வைத்திருக்கிறான், விட்டால் உலையைக் கைப்பற்றிவிடுவான். ரெட்பிராண்ட் ரவுடிகள்: ஊர் தங்களுக்குப் பயந்து கிடக்க வேண்டும், விட்டால் கடைக்காரர்களை இன்னும் கசக்குவார்கள். மூன்றாவது விஷயம்தான் உயிர். பார்ட்டி, அதாவது ஆட்டக்காரர்களின் குழு, கோப்ளின் தடத்தை விட்டுவிட்டு "நாங்க நேரா ஊருக்கே போறோம்" என்றால், பயப்படாமல் இந்தத் தாளைப் பாருங்கள். அவர்கள் ஊர் சுற்றும் நேரத்தில் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்களே.

அப்புறம், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போக என்ன தகவல் வேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இருந்தால், அவரைத்தான் முதல் ரவுண்டிலேயே வெட்டிப்போடுவார்கள். அதே தகவலை ஒரு கடிதத்திலும், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் கிழவரிடமும் போட்டுவையுங்கள்.

கட்டம் கட்டி 'இதை உரக்க வாசிக்கவும்' என்று போட்டிருப்பதை வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, கண்ணில் படுவது ஒன்று, காதிலோ மூக்கிலோ படுவது ஒன்று, கை வைத்துப் பார்க்கத் தோன்றுவது ஒன்று சொல்லுங்கள். போதும்.

ஊரை மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை. என் மேஜையில் ஆட்டக்காரர்களின் வண்டி காட்பாடியிலிருந்து கிளம்பி, ஜவ்வாது மலை அடிவாரத்துக் கிராமத்துக்குப் போகும். புத்தகத்தில் வரும் இடிந்த மாளிகையைச் சுற்றி அகழி என்று சொல்லிவிட்டால், வேலூர்க்காரர்களுக்குக் கோட்டை கண்முன் வந்துவிடும். அகலம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். முதலை இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள். ஆனால் இடம் மாறினால் சண்டையும் மாறும். புத்தகத்தில் கோப்ளின்கள் பாதையின் இரண்டு பக்கமும் புதரில் ஒளிந்திருக்கும். அதைத் தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில் வைத்தால் ஒளிய இடம் ஏது? சீமைக்கருவேலப் புதர் ஒன்றைப் போட்டே ஆகவேண்டும். பெயர்களையும் பாருங்கள். கோப்ளின் குகைத் தலைவன் பெயர் கிளார்க். சொன்னவுடன் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்து சிரித்துவிடுவார்கள், வேறு பெயர் வையுங்கள்.

எண்களில் கவனம் தேவை. சாகசம் நான்கைந்து பேருக்காக எழுதப்பட்டது. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு சி.எம்.சி.யில் நைட் டியூட்டி, ஒருவர் ஆம்பூரிலிருந்து வரவேண்டும். மூன்று பேர் வந்தால் முதல் தாக்குதலில் உள்ள 4 கோப்ளினை 2 ஆக்கிவிடுகிறேன். அந்தக் குகைத் தலைவன் அடித்தால் இரண்டு எட்டுப் பக்க டைஸில் விழுவதோடு 2 கூட்டிய அளவு அடி விழும். சராசரி 11. முதல் லெவல் மந்திரவாதியிடம் இருப்பதே ஏழெட்டு ஹிட் பாயிண்ட், அது தீர்ந்தால் ஆள் சாய்ந்துவிடுவார். ஆட்டத்தின் முதல் நாளே ஒருவர் எழுந்துபோய் மிக்சர் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும்படி ஆகக்கூடாது. அதனால் அவன் முதலில் பேசட்டும், பேரம் பேசட்டும். எதிரிகளின் எண்ணிக்கையைத் தாராளமாகக் குறையுங்கள். அடியின் கணக்கை நடுவில் ரகசியமாக மாற்றுவது எனக்குப் பிடிக்காது, டைஸை எல்லோர் முன்னாலும்தான் உருட்டுவேன்.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் எங்க போறீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கான பக்கங்களை மட்டும் தயார் செய்தால் போதும்.