மனுவில் ‘அடிப்படை உரிமை’ என்று எழுதுவதற்கு முன்

பாலக்காட்டில் வக்கீலாக இருப்பதால் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களின் மனுக்கள் என் மேஜைக்கு நிறைய வரும். முன்பெல்லாம் ‘ஐயா, கருணை கூர்ந்து’ என்று ஆரம்பிப்பார்கள். இப்போது ஜூனியர்களும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும் எழுதித் தருகிறார்கள். முதல் வரியிலேயே ‘எனது அடிப்படை உரிமை மீறப்பட்டுள்ளது’ என்று வந்துவிடுகிறது. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் தலைமுறை ஜூனியர்கள் சறுக்கிய இடங்களிலேயே இவர்களும் சறுக்குகிறார்கள். தேதி விடுவது, கையெழுத்து மறப்பது எல்லாம் அவர்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவை இங்கே கொண்டுவருவது

‘முதல் திருத்தம் எனக்குத் தரும் பேச்சுரிமை’ என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அது 1791இல் அமெரிக்க உரிமைச் சாசனமாக வந்த பத்துத் திருத்தங்களில் முதலாவது. நம் முதல் திருத்தம் 1951இல் வந்தது. பேச்சுரிமைக்குப் போடக்கூடிய கட்டுப்பாடுகளை அது கூட்டியது! நமக்கு உரிமைச் சாசனம் என்றால் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதி, பிரிவு 12 முதல் 35 வரை.

நிலம் போகும்போது ‘சொத்துரிமை என் அடிப்படை உரிமை’ என்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சொத்துரிமையைச் சொன்ன 19(1)(எஃப்), 31 இரண்டும் 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தில் எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது இருப்பது 300ஏ: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது. அது மூன்றாம் பகுதிக்கு வெளியே இருக்கிறது. அதனால் 32ஆவது பிரிவைச் சொல்லி நேராக உச்ச நீதிமன்றம் போக முடியாது. 226இன்படி எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

சட்டம் தப்பாக எழுதியது போகட்டும். காசு போவது நாளைத் தவறவிடுவதில்தான். வாளையார் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று வந்தார். அக்கா மகன் சட்டம் படிக்கிறானாம், அவன் எழுதிய நீளமான மனுவைக் காட்டினார். 31ஆவது பிரிவு இருந்தது, கேசவானந்த பாரதி இருந்தார். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3சி மட்டும் இல்லை. அறிவிக்கை வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபணையை உரிய அதிகாரியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. பையன் மேற்கோள் தேடி முடிப்பதற்குள் அந்த நாள் தாண்டிவிட்டது. மனு போய்ச் சேர்ந்த இடமும் வேறு ஆபீஸ்.

ஒரு பக்கம் போதுமாக இருந்திருக்கும்: சர்வே எண் தப்பு, கிணறு எல்லைக்குள் மாட்டுகிறது, மீதித் தோப்புக்குப் போக வழியில்லை, சாலை எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் புறம்போக்கு இருக்கிறது. அதே சட்டத்தின் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது. அப்புறம் பேச்செல்லாம் இழப்பீட்டுத் தொகையைப் பற்றித்தான். அது போதாது என்றால் மத்தியஸ்தரிடம் போக வேண்டும். தோப்புக்காரர் அங்கேதான் போனார்.

கேசவானந்த பாரதியைப் பற்றியும் ஒன்று. காசர்கோட்டில் எடநீர் மடத்தின் தலைவர், நம் மாநிலத்து வழக்கு என்பதால் எல்லோருக்கும் ஒரு பாசம். 1973 தீர்ப்பு அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது நாடாளுமன்றமே திருத்தினாலும் சிதைக்க முடியாத பகுதியை, காப்பாற்றியது. மடத்து நிலத்தைக் காப்பாற்றவில்லை. கேரள நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டங்களை ஒன்பதாம் அட்டவணையில் (அடிப்படை உரிமை வழக்குகளிலிருந்து சட்டங்களுக்குப் பாதுகாப்புத் தரும் பட்டியல்) சேர்த்த 29ஆவது திருத்தம் செல்லும் என்றே சொன்னது. நிலத்துக்கு மேற்கோள் வேண்டுமென்றால் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024இல் சொன்னதைப் படியுங்கள்: நோட்டீஸ், விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு என்று 300ஏக்குள் ஏழு உரிமைகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறது. அதில் எது நடக்கவில்லை என்று எழுதுங்கள்.

அரசியலமைப்பின் முகவுரையை மட்டும் நம்புவது

வழக்கு நிற்காது.

பக்கத்துத் தோட்டக்காரர் மேல் 21ஆவது பிரிவு (உயிர், சுதந்திர உரிமை)

வேலித் தகராறுக்கு முன்சீப் கோர்ட் இருக்கிறது. மூன்றாம் பகுதி பெரும்பாலும் அரசைக் கட்டுவது. அரசு யார் என்று 12ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமை (17), கட்டாய உழைப்பு (23), கடையிலும் கிணற்றிலும் பாகுபாடு (15(2)) போன்றவை தனியாரையும் பிடிக்கும். 19, 21 இரண்டையும் தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு வேலிக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடாதீர்கள்.

‘குடிமகன்’, ‘நபர்’ வித்தியாசம் பாராமல் எழுதுவது

19 (பேச்சு முதலான சுதந்திரங்கள்) குடிமக்களுக்கு மட்டும். 14 (சமத்துவம்), 21 எல்லோருக்கும்.

தமிழில் பதில் கேட்டு 29, 30ஐச் சொல்வது

எல்லை ஊர்களில் அதிகம் பார்ப்பது இது. 29 மொழியைக் காத்துக்கொள்ள, 30 பள்ளிக்கூடம் நடத்த. வில்லேஜ் ஆபீஸுக்குத் தமிழில் மனு கொடுக்கச் சொல்ல வேண்டியது 350. குழந்தைக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி 350ஏ. இரண்டும் பதினேழாம் பகுதி, ஆக இங்கேயும் 32 உதவாது.

350 மனு கொடுக்கும் உரிமையைத்தான் தருகிறது. பதிலும் தமிழில் வேண்டுமென்றால் கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969ஐ எழுதுங்கள். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைவர்களோடும் தங்கள் மொழியில் எழுதி, அதே மொழியில் பதில் பெறலாம். உள்ளூர் ஆபீஸ் என்றால், அந்த இடம் மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.