நெல்லைக்கு வேண்டிய மழைத்தரவை மட்டும் எடுப்பது எப்படி? நெட்சிடிஎஃப் கோப்பு வாசிப்பு – தொடக்கநிலை விளக்கம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையை ஆராய, ஐரோப்பிய வானிலை மையம் உலகம் முழுவதற்கும் மணிவாரியாகக் கணக்கிட்டுத் தரும் ஈஆர்ஏ5 (ERA5) தரவு நல்ல தொடக்கம். பல பரிமாண எண்களைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் (NetCDF) என்ற கோப்பு வடிவில் அதைப் பெறலாம். ஆனால் அதன் உலகக் கட்டம் 0.25 பாகை இடைவெளியில் 721 அட்சரேகைகளும் 1440 தீர்க்கரேகைகளும் கொண்டது என்பதால், ஒரே மாதத்தின் 744 மணி நேரத்துக்கு மழையை மட்டும் விரித்தாலே நினைவகத்தில் ஏறத்தாழ 3 ஜிபி போய்விடும். பாபநாசம் முதல் காயல்பட்டினம் வரை நமக்கு 24 கட்டப்புள்ளிகள் போதும். அவற்றின் அளவு 72 கேபிகூட வராது.

முதலில், பைத்தானின் எக்ஸ்அரே நூலகத்தில் உள்ள ஓப்பன்_டேட்டாசெட் கொண்டு கோப்பைத் திறந்து, கிடைத்ததை அச்சிட்டுப் பாருங்கள். மாறிகளின் பெயர், பரிமாணம், அலகு ஆகியவை தெரியும். மழை அளவுகள் இன்னும் வட்டிலேயே இருக்கும். நேரப் பரிமாணத்தின் பெயர் சில கோப்புகளில் டைம், சிலவற்றில் வேலிட்_டைம் என்றிருக்கும். ஆகவே அச்சானதைப் பார்த்தே எழுதுங்கள்.

அடுத்து, மழைக்குரிய டிபி (tp) மாறியை மட்டும் பெயர் சொல்லி எடுங்கள்.

மூன்றாவதாக, செல் (sel) என்ற எக்ஸ்அரே கட்டளையால் இடத்தை வரையறுக்க வேண்டும். தீர்க்கரேகைக்கு ஸ்லைஸ்(77, 78.25) என்று எழுதலாம். ஆனால் ஈஆர்ஏ5 கோப்பில் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்குவதால், அதற்கு ஸ்லைஸ்(9, 8.25) என்றே எழுத வேண்டும். வரிசையை மாற்றினால் பிழைச்செய்தி வராது, காலி அணிதான் வரும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

நேரத்தில் இன்னும் கவனம் தேவை. காயல்பட்டினத்தில் பதிவான சுமார் 95 செ.மீ. என்பது 18ஆம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்துக்கானது. ஈஆர்ஏ5 யுடிசி எனும் உலகப் பொது நேரத்தைப் பின்பற்றுகிறது. நம் காலை 8.30 அதில் 03.00 ஆகும். ஒவ்வொரு மதிப்பும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பெய்த மழை என்பதால், 17ஆம் தேதி 04.00 முதல் 18ஆம் தேதி 03.00 வரையுள்ள 24 மதிப்புகளைக் கூட்டி, மீட்டரை மில்லிமீட்டராக்க 1000ஆல் பெருக்க வேண்டும். இது ஏறத்தாழ 28 கி.மீ. அகலமுள்ள கட்டத்தின் மதிப்பு. மழைமானியின் எண்ணோடு அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகே, மதிப்புகளை வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றும் லோட் கட்டளையைக் கொடுங்கள். அதை முதலிலேயே கொடுத்தால் முழு உலகமும் நினைவகத்தில் ஏறிவிடும்.

அப்படியும் வேகம் இல்லையென்றால், டிபி மாறியின் என்கோடிங்கில் சங்க்சைஸஸ் (chunksizes), அதாவது கோப்பு எந்த அளவுத் துண்டுகளாகச் சேமிக்கப்பட்டுள்ளது, என்ன என்று பாருங்கள். சுருக்கப்பட்ட கோப்பில் ஒரு மதிப்பு வேண்டுமானாலும் அது அடங்கிய துண்டு முழுவதையும் விரித்தாக வேண்டும். ஒரு மணி நேர உலக வரைபடமே ஒரு துண்டாக இருந்தால், மாதம் முழுவதற்கும் அம்பாசமுத்திரம் ஒன்றைக் கேட்டாலும் 744 துண்டுகளும் விரியும். ஆகவே ஃபார் சுழற்சியில் ஊர் ஊராகக் கேட்காமல், முழுப் பகுதியையும் ஒரே முறை எடுத்து, டு_நெட்சிடிஎஃப் மூலம் சிறு கோப்பாகச் சேமித்து, மற்ற கணக்குகளை அதிலேயே செய்யுங்கள்.